விரலுக்கு ஒரே பாடம் போதும்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருந்தால் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். இன்றைக்குச் சொல்ல வந்தது கம்ப்யூட்டர் கீபோர்டில் நாம் தட்டும் ஷார்ட்கட் விசைகளைப் பற்றி. "டீச்சருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். 35 வருஷம் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத வைத்தவள் நான். கை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விரல் ஒரு வேலையை ஒருமுறை கற்றுக்கொண்டால், எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும், எந்த சாஃப்ட்வேரைத் திறந்தாலும், அதே வேலையை அதே இடத்தில் செய்ய முடிய வேண்டும். அந்த இடமும் கையை முறுக்காத இடமாக இருக்க வேண்டும். மெஷின் இதைத் தானாகக் கொடுக்காது. நாம்தான் ஒரு தடவை உட்கார்ந்து அமைத்துக்கொள்ள வேண்டும். இதைக் கம்ப்யூட்டர் பைத்தியங்களின் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். நாள் முழுக்க நடக்கிறவனுக்குச் செருப்பு அளவு சரியாக இருக்க வேண்டாமா? அது மாதிரி விஷயம் இது.

உங்களில் எத்தனை பேர் கீபோர்டில் பிழைக்கிறீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஐ.டி. கம்பெனி, வங்கி, இ-சேவை மையம், டி.டி.பி. சென்டர், ஆடிட்டர் ஆபீஸ், பத்திரம் எழுதுகிற இடம். பள்ளிக்கூடத்தில் எமிஸ் பதிவு போடுகிற ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாண வீடுகளில் உங்களைப் பார்க்கும்போது, "மணிக்கட்டு வலிக்குது டீச்சர்", "சுண்டு விரல் பக்கம் இழுக்குது டீச்சர்" என்று சொல்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். வயதைக் கேட்டால் 30, 35 என்கிறார்கள். எனக்கு 60 தாண்டிவிட்டது, கை வலித்தால் நியாயம். உங்களுக்கு ஏன் வலிக்க வேண்டும்?

முதலில் கை கற்றுக்கொள்வதைப் பற்றி. ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதப் பழகும் பிள்ளையைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் வாரம் அது எழுதாது, வரையும். நாக்கைக் கடித்துக்கொண்டு, சுழியைப் பார்த்து, வளைவைப் பார்த்து, மூச்சைப் பிடித்து வரையும். ஒரு மாதம் போனால் கண் கரும்பலகையில் இருக்கும், கை தானாக ஓடும். அப்போதுதான் பிள்ளைக்கு என்ன எழுதுகிறோம் என்று யோசிக்கவே நேரம் கிடைக்கும். கை தானாக ஓடுவதுதான் படிப்பின் முதல் விடுதலை. இப்போது, காலையில் ஒரு டீச்சர் மேலிருந்து தொடங்கச் சொல்லி, மத்தியானம் இன்னொரு டீச்சர் கீழிருந்து தொடங்கச் சொன்னால் என்ன ஆகும்? பிள்ளை மறுபடியும் வரைய ஆரம்பித்துவிடும். கம்ப்யூட்டர்கள் நம்மிடம் செய்துகொண்டிருப்பது அந்த இரண்டு டீச்சர் வேலைதான்.

என் வயதுக்காரர்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை மறந்திருக்க மாட்டார்கள். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. லோயர், ஹையர் என்று இரண்டு பரீட்சை. இன்ஸ்டிடியூட்டில் ரெமிங்டனும் இருக்கும், ஹால்டாவும் இருக்கும், ஃபேசிட்டும் கோத்ரெஜும் இருக்கும். எந்த மெஷின் காலியோ அதில் உட்கார வேண்டியதுதான். ஒன்றில் விசை கனமாக இருக்கும், இன்னொன்றில் ரிப்பன் மங்கலாக இருக்கும். ஆனால் எழுத்து இருக்கும் இடம் மாறாது. பரீட்சை ஹாலில் எந்தக் கம்பெனி மெஷின் கிடைக்கும் என்று யாரும் பயந்ததில்லை. விரலுக்குக் கம்பெனி பெயர் தெரியாது, இடம் மட்டும்தான் தெரியும்.

அந்த ஆங்கில எழுத்து வரிசை 1870-களில் அமெரிக்காவில் கிறிஸ்டோஃபர் ஷோல்ஸ் என்பவரின் டைப்ரைட்டரில் உருவானது. விரலுக்கு அதைவிடச் சுகமானது என்று சொல்லி ஆகஸ்ட் டுவோராக் வேறொரு வரிசையை உருவாக்கி 1936-ல் காப்புரிமை வாங்கினார். ஆனாலும் உலகம் பழையதை விடவில்லை. காரணம் எளிது. எங்கே போனாலும் அதே வரிசை கிடைத்தது. ஒரேமாதிரி இருப்பதற்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர். வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் படித்தவர்கள் இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் கண்டிப்பாக இருப்பீர்கள். வேர்ட்ஸ்டாரில் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எஸ் தட்டினால் கர்சர் இடது பக்கம், டி தட்டினால் வலது பக்கம், ஈ மேலே, எக்ஸ் கீழே. விசைகளின் இடத்தைப் பாருங்கள், நான்கு திசைக்கும் நான்கு விசை, கோலப் புள்ளி மாதிரி. அந்தக் காலத்துக் கீபோர்டு பலவற்றில் கன்ட்ரோல் விசை ஏ எழுத்துக்குப் பக்கத்திலேயே, இப்போது கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் இருந்தது. 1981-ல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யிலும் அப்படித்தான். சுண்டு விரலை ஒரு விசை தூரம் நகர்த்தினால் போதும். 1980-களின் நடுவில் ஐ.பி.எம். வெளியிட்ட பெரிய கீபோர்டில்தான் கன்ட்ரோல் கீழ் மூலைக்குப் போனது, கேப்ஸ் லாக் அந்த நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த அமைப்பைத்தான் மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

அதோடு வேர்ட்ஸ்டார் போய் வேர்ட் வந்தது. கன்ட்ரோல்-எஸ் இப்போது கர்சரை நகர்த்தாது, சேமிக்கும். ஒரு தலைமுறை விரலில் ஏற்றி வைத்த படிப்பு மொத்தமும் பழைய ஃபிளாப்பியோடு குப்பைக்குப் போனது. யாரும் அதற்காக வருத்தம் தெரிவிக்கவில்லை. புதிதாகப் படித்துக்கொள் என்றார்கள். நாமும் படித்தோம்.

இப்போது எல்லோருக்கும் தெரிந்த நான்கு விசைக்கு வருவோம். இசட், எக்ஸ், சி, வி. செய்ததைத் திரும்பப் பெற, வெட்ட, நகலெடுக்க, ஒட்ட. எழுத்தை வெட்டி, நகலெடுத்து ஒட்டும் முறையை 1970-களில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கினார்கள். டெஸ்லர் பிறகு ஆப்பிளுக்குப் போனார். 1983-ல் வந்த லிசாவிலும் 1984-ல் வந்த மேக்கின்டாஷிலும் இந்த நான்கு விசையும் அடுத்தடுத்து உட்கார்ந்தன. கூடப் பிடிக்க வேண்டிய ஆப்பிள் விசை, ஸ்பேஸ் பாரின் வரிசையில். அதாவது கட்டை விரலுக்குப் பக்கத்தில். கையிலேயே பலமான விரல் கட்டை விரல்தானே.

ஐ.பி.எம். 1987-ல் வேறு ஒரு விதிமுறை வெளியிட்டது. அதில் வெட்டுவதற்கு ஷிஃப்ட்-டெலிட், நகலுக்கு கன்ட்ரோல்-இன்சர்ட், ஒட்டுவதற்கு ஷிஃப்ட்-இன்சர்ட். ஆரம்பகால விண்டோஸ் அதைப் பின்பற்றியது. 1992-ல் விண்டோஸ் 3.1 வந்தபோது மைக்ரோசாஃப்ட்டும் இசட், எக்ஸ், சி, வி-க்கு மாறியது. நல்ல காரியம். ஆனால் கட்டை விரல் பிடித்த விசைக்குப் பதிலாக, கீழ் மூலையில் கிடந்த கன்ட்ரோல் வந்தது. எழுத்து ஒன்றாகிவிட்டது, விரல் வேறாகிவிட்டது. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. மேக்கில் கட்டை விரல் செய்யும் வேலையை விண்டோஸில் சுண்டு விரல் செய்கிறது. ஆபீஸில் விண்டோஸ், வீட்டில் மேக் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது புரியும். இரண்டுக்கும் நடுவில் கை தடுமாறும். நாள் முழுக்க மூலைக்கு மணிக்கட்டை வளைத்து வளைத்துச் சுண்டு விரல் இழுபடும்.

ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, மணிக்கட்டை வளைத்த நிலையில் வைப்பது, நடுவில் ஓய்வு கொடுக்காமல் இருப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் கைக்கு ஆகாது. இதைத் தெரிந்துகொள்ள டாக்டராக இருக்கத் தேவையில்லை. அம்மி அரைத்த நம் பாட்டிகளைக் கேட்டால் போதும். வலி வந்துவிட்டால் டாக்டரைப் பாருங்கள், பதிவு படித்து வைத்தியம் செய்யாதீர்கள். நான் சொல்வது வலி வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை.

சாஃப்ட்வேருக்கு சாஃப்ட்வேர் மாறும் கூத்தையும் பாருங்கள். கன்ட்ரோல்-டி என்ற ஒரே ஒரு ஷார்ட்கட்டை எடுத்துக்கொள்வோம். வேர்டில் அது எழுத்துரு ஜன்னலைத் திறக்கும். எக்செலில் மேல் கட்டத்தில் இருப்பதைக் கீழே நிரப்பும். குரோமில் பக்கத்தை புக்மார்க் செய்யும். ஃபோட்டோஷாப்பில் தேர்வை நீக்கும். கோரல்டிராவில் இன்னொரு பிரதி போடும். இன்டிசைனில் படத்தைக் கொண்டுவர உதவும். ஒரு டி.டி.பி. ஆபரேட்டர் ஒரு கல்யாணப் பத்திரிகை முடிப்பதற்குள் இந்த ஆறில் நாலைத் தொட்டுவிடுவார். எக்செலில் கை பழக்கத்தில் தட்டி, மதிப்பெண் பட்டியலில் ஒரு பிள்ளையின் மார்க் இன்னொரு பிள்ளையின் கட்டத்தில் விழுந்தால் சத்தமே வராது. திரும்பிப் பார்த்தால்தான் உண்டு.

கன்ட்ரோல்-ஆர் வேர்டில் பத்தியை வலது பக்கம் ஒதுக்கும். பிரௌசரில் பக்கத்தையே புதிதாக ஏற்றும். அரை மணி நேரம் நிரப்பிய விண்ணப்பம் போய்விடலாம். கன்ட்ரோல்-எஃப் எங்கும் தேடுவதற்கு. அவுட்லுக்கில் மட்டும் அந்தக் கடிதத்தை வேறொருவருக்கு அனுப்பும் ஜன்னல் திறக்கும். கன்ட்ரோல்-டபிள்யூ லினக்ஸின் கறுப்புத் திரையில் கடைசி வார்த்தையை அழிக்கும், பிரௌசரில் பக்கத்தையே மூடிவிடும். தெரியாமல் மூடிவிட்டால் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-டி தட்டுங்கள், திரும்பி வரும். இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

"பழகிக்கொள்ள வேண்டியதுதான் டீச்சர், மூளை பார்த்துக்கொள்ளும்" என்று சிலர் சொல்வீர்கள். அவர்களுக்குப் பழைய புல்லட்டை ஞாபகப்படுத்துகிறேன். அந்தக் காலத்து என்ஃபீல்டு புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற பைக்குகளில் தலைகீழ். புல்லட் ஓட்டிப் பழகியவர் மச்சான் வண்டியை வாங்கிக்கொண்டு போய், குறுக்கே ஆடு வந்ததும் இடது காலை மிதித்தால் பிரேக் பிடிக்காது. மூளைக்கு எல்லாம் தெரியும், காலுக்குத்தான் தெரியாது. அவசரத்தில் வேலை செய்வது காலும் கையும்தான். கடைசியில் புல்லட்டிலும் கியர் இடது பக்கம் வந்தது. ஓட்டுகிறவரின் பழக்கத்துக்கு வண்டி மாறியது, அதுதான் சரி. வண்டிக்குச் சரியென்றால் கம்ப்யூட்டருக்கும் அதுதான் சரி.

இதில் அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள் யார் என்று பாருங்கள். இளைஞர்கள் எப்படியோ மவுஸை வைத்துச் சமாளிப்பார்கள். பார்வையில்லாதவர்களுக்கு மவுஸால் பயன் இல்லை. என்.வி.டி.ஏ. போன்ற திரை வாசிப்பு மென்பொருள் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்ல, அவர்கள் முழுக்க முழுக்க விசைகளாலேயே வேலை செய்கிறார்கள். ஒரு அப்டேட்டில் ஒரு ஷார்ட்கட்டை மாற்றுவது நமக்கு எரிச்சல். அவர்களுக்கு, காலையில் எழுந்தால் வீட்டு வாசற்கதவு வேறு சுவரில் இருப்பது மாதிரி. அடுத்தது என் வயதுக்காரர்கள். கை நடுங்குகிறவர்களுக்குச் சின்ன பொத்தானில் மவுஸை நிறுத்துவதைவிட இரண்டு விசை தட்டுவது எளிது. ஆனால் ஒரு தடவை கஷ்டப்பட்டுக் கற்றதை ஆறு மாதத்தில் மாற்றினால் மறுபடி கற்கும் தெம்பு இருக்காது. "எனக்கு இதெல்லாம் வராது" என்று மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

சரி, என்ன செய்யலாம்? மூன்று விதி சொல்கிறேன்.

முதல் விதி: எங்கும் பொதுவாக இருப்பதை முதலில் விரலில் ஏற்றுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் மாறாத எழுத்துகள் ஒரு டஜன் இருக்கின்றன. இசட் திரும்பப் பெற, எக்ஸ் வெட்ட, சி நகலெடுக்க, வி ஒட்ட, ஏ எல்லாவற்றையும் தேர்வு செய்ய, எஸ் சேமிக்க, பி அச்சிட, எஃப் தேட. பிரௌசரில் எழுத்தைப் பெரிதாக்க பிளஸ், சிறிதாக்க மைனஸ், பழைய அளவுக்கு வர பூஜ்யம். கண் மங்கிய பெரியப்பாக்களுக்கும் சித்திகளுக்கும் இந்தக் கடைசி மூன்றைச் சொல்லிக்கொடுங்கள், புண்ணியமாகப் போகும். இவை நன்றாக ஓடுகிற வரைக்கும் வேறு எதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். 200 ஷார்ட்கட் அட்டவணையைச் சுவரில் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை. பத்தாம் வாய்ப்பாடு வராத பிள்ளைக்குப் பதினாறாம் வாய்ப்பாடு எதற்கு?

ஆங்கிலம் சரியாக வராத பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். தமிழ்99 கீபோர்டில் இசட், எக்ஸ், சி, வி இருக்கும் இடங்களில் ஔ, ஓ, ஒ, வ என்ற நான்கு எழுத்து இருக்கின்றன. கீழ் வரிசையில் இடமிருந்து வலம்: ஔ திரும்பப் பெற, ஓ வெட்ட, ஒ நகலெடுக்க, வ ஒட்ட. பேஸ்ட் என்ற சொல் வி-யில் தொடங்கவில்லையே என்று குழம்ப வேண்டாம். எழுத்தைப் பார்த்து வைத்ததல்ல, பக்கத்துப் பக்கத்து இடம் என்பதால் வைத்தது. இடத்தைக் கற்றுக்கொடுங்கள், எழுத்து பின்னால் வரும்.

இரண்டாவது விதி: கையைச் சரியாக வையுங்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. இடது கை எழுத்தைப் பெரிய எழுத்தாக அடிக்க வேண்டுமென்றால் வலது கை ஷிஃப்ட், வலது கை எழுத்துக்கு இடது கை ஷிஃப்ட். ஒரே கையைப் பிளந்து இரண்டு விசை பிடிக்கக் கூடாது. மாஸ்டர் ஸ்கேலோடு நிற்பார். அதே கண்டிப்பை கன்ட்ரோலுக்கும் வையுங்கள். கன்ட்ரோல்-சி தட்ட, வலது கன்ட்ரோலை வலது கையால் பிடித்து, சி-யை இடது கையால் தட்டுங்கள். இடது மணிக்கட்டு வளையாது. ஒரு குறை: சில புதிய மடிக்கணினிகளில் 2024-லிருந்து வலது கன்ட்ரோல் இருந்த இடத்தில் கோபைலட் விசையை வைத்து விற்கிறார்கள். வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். இருந்த நாற்காலியை எடுத்துவிட்டு விளம்பரப் பலகை வைத்த மாதிரி இருக்கிறது.

மூன்றாவது விதி: கூட்டுங்கள், மாற்றாதீர்கள். இதுதான் முக்கியம். ஷார்ட்கட் எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்துக்கொள்கிறவர் அடுத்தவர் மெஷினில் உட்கார்ந்தால் ஊமையாகிவிடுவார். அவர் மெஷினில் வேறு யாரும் உட்கார முடியாது. அது ஒரு தீவு. அதனால் பழைய விசை பழையபடி வேலை செய்ய, கூடுதலாக ஒரு நல்ல இடத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இடம் கேப்ஸ் லாக். யோசித்துப் பாருங்கள், தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. தமிழ்99-ல் ஜ, ஷ, ஸ, ஹ அடிக்க ஷிஃப்ட் போதும். நமக்குக் கேப்ஸ் லாக் எதற்கு? கை வைக்கும் வரிசையிலேயே, சுண்டு விரலுக்குப் பக்கத்திலேயே, அவ்வளவு நல்ல இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

செய்முறை இதுதான். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸை நிறுவி, அதில் கீபோர்டு மேனேஜரைத் திறந்து, கேப்ஸ் லாக்கை கன்ட்ரோலாக அமையுங்கள். மேக்கில் எதுவும் நிறுவத் தேவையில்லை. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதற்குள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ், அதற்குள் மாடிஃபையர் கீஸ். அங்கே கேப்ஸ் லாக்கை கமாண்டாக அமையுங்கள். லினக்ஸின் க்னோம் திரையில் ட்வீக்ஸ் என்ற செயலிக்குள் கேப்ஸ் லாக்கை கன்ட்ரோலாக்கும் வசதி இருக்கிறது. இப்போது மூன்று மெஷினிலும் அதே இடம், அதே விரல், அதே வேலை. ஆபீஸ், வீடு என்று கை தடுமாறாது. மூலையில் இருக்கும் பழைய கன்ட்ரோலும் ஸ்பேஸ் பார் பக்கத்து கமாண்டும் அப்படியே வேலை செய்யும் என்பதால் உங்கள் மெஷினில் யார் உட்கார்ந்தாலும் தொந்தரவில்லை. ஆபீஸ் மெஷினில் நிறுவ அனுமதி இல்லையென்றால் சிஸ்டம் அட்மினிடம் கேளுங்கள். முதுகு வலிக்கு நல்ல நாற்காலி கேட்பதில்லையா? என்.வி.டி.ஏ.வில் கேப்ஸ் லாக்கையே கட்டளை விசையாக வைத்திருப்பவர்கள் மட்டும் இதைத் தொட வேண்டாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்குத் தேவைப்படாத, நமக்குப் பக்கத்துக்குப் பத்து தடவை தேவைப்படும் ஷார்ட்கட் எது? மொழி மாற்றுவது. விண்டோஸில் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். லினக்ஸின் க்னோமிலும் அதே விசைதான், பெயர் மட்டும் சூப்பர். மேக்கில் கன்ட்ரோலும் ஸ்பேஸும். ஆனால் மேக்கில் அதை ஆப்ஷனும் ஸ்பேஸும் என்று மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் விசை இருக்கும் அதே இடத்தில்தான் மேக்கில் ஆப்ஷன் இருக்கிறது. கையைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றாகிவிடும்.

"எல்லோரையும் ஒரே வழிக்குக் கொண்டுவருவது நடக்கிற காரியமா?" என்று கேட்கிறவர்களுக்கு நம் கதையையே சொல்கிறேன். தமிழ்க் கீபோர்டு ஒரு காலத்தில் கம்பெனிக்கு ஒன்றாக இருந்தது. டைப்ரைட்டர் முறை ஒரு பக்கம், ஒலிபெயர்ப்பு முறை ஒரு பக்கம், ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் அதன் சொந்த முறை ஒரு பக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. அதிலிருந்து வந்ததுதான் தமிழ்99. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வரிசை வலது கைக்கு. இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும்படி, விரலை நினைத்துச் செய்த அமைப்பு. 'க' என்று இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து 'க்க' ஆகிவிடும். இன்றைக்கு விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் அது கூடவே வருகிறது, செல்போனில் முத்து நெடுமாறனின் செல்லினத்தில் இருக்கிறது. ஒரு தடவை கற்ற பிள்ளை எங்கே போனாலும் தமிழ் அடிக்கலாம். கம்பெனிகளும் அறிஞர்களும் அரசும் ஒரு மேசையில் உட்கார்ந்ததால் நடந்தது. எழுத்துக்கு முடிந்தது ஷார்ட்கட்டுக்கு ஏன் முடியாது?

எதிர்க்கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஃபோட்டோஷாப்பில் படம் திருத்துகிறவருக்குத் தேவைப்படும் விசை கணக்கு எழுதுகிறவருக்குத் தேவைப்படாது. ஒவ்வொரு தொழிலுக்கும் தனி ஆயுதம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். தச்சன் உளியும் கொத்தன் கரண்டியும் ஒன்றாக இருக்க முடியாது. ஆனால் இரண்டுக்கும் கைப்பிடி ஒரே பக்கம்தான் இருக்கிறது. தொழிலுக்கென்று தனியாக வேண்டியதை மிச்ச விசைகளில் வைத்துக்கொள்ளட்டும். தேடு, சேமி, வெட்டு, ஒட்டு, திரும்பப் பெறு போன்ற பொதுவான கைப்பிடிகளைத் தொட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பேசினாலே எழுதும் காலம் வந்துவிட்டது, இனி கீபோர்டு எதற்கு என்றும் சிலர் சொல்கிறார்கள். பேசி எழுதியதைத் திருத்தவும் நகர்த்தவும் கைதான் வேண்டும். பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் ஆபீஸில் சம்பளப் பட்டியலை யார் வாய்விட்டுப் படிப்பார்கள்?

கடைசியாக, சாஃப்ட்வேர் எழுதும் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் பெரிய பொறுப்பில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். நீங்கள் செய்யும் செயலியில் பயனாளர் விரலில் ஏற்கெனவே இருப்பதைப் பறிக்காதீர்கள். ஷார்ட்கட்டை மாற்றிக்கொள்ள ஒரு இடம் கொடுங்கள். இன்டிசைனில் பழைய பேஜ்மேக்கர், குவார்க் எக்ஸ்பிரஸ் விசைகளையே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வசதி வைத்திருக்கிறார்கள். போட்டிக் கம்பெனியின் பழக்கத்தோடு வருகிறவரையும் வாசலிலேயே தடுக்காமல் உள்ளே விடும் மரியாதை அது. அப்டேட் என்ற பெயரில் இடத்தை மாற்றும் முன்பு, திரை பார்க்க முடியாத ஒருவரையும், கை நடுங்கும் ஒரு அம்மாவையும் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆசிரியராக இருப்பவர்களுக்கும் ஒன்று. ஹைடெக் லேபில் பிள்ளைகள் முதன்முதலாகக் கீபோர்டில் கை வைக்கும்போது, சிலேட்டில் 'அ' எழுத வைத்த அதே பொறுமையோடு கை வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு கன்ட்ரோலையும் காட்டுங்கள். கோணலாக ஏறிய பழக்கத்தைப் பின்னால் நிமிர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்று பென்சிலைத் தப்பாகப் பிடித்த பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறீர்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். கேப்ஸ் லாக்கை மாற்றி அமைத்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். முதல் இரண்டு நாள் கை மூலைக்கே ஓடும், விடுங்கள். அதற்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். யார் யார் எந்த மெஷின், எந்த சாஃப்ட்வேர் என்றும் எழுதுங்கள், ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்கு உதவும். அமைக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், தீபாவளிக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் செய்து கொடுங்கள். புதுப் போன் வாங்கிக் கொடுப்பதைவிட அது பெரிய உபகாரம்.

கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளா. இன்னும் நிறைய எழுத வேண்டியிருக்கிறது உங்களுக்கு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்